அறுபது நாள் பூட்டு

எனக்குப் பொய் சொல்ல வராது என்று சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. உண்மை என்னவென்றால், எனக்கு நன்றாகவே வரும். அவசியம் அடிக்கடி வருவதில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வக்கீலம்மாவின் போன் வந்தபோது, ஓர் எலும்பு மருத்துவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அனுப்பியிருந்த ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசி அனுப்புவார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து அதை எழுத்தாக்கிக் கொடுப்பேன். இன்னொரு பிழைப்பும் உண்டு. டொமைன் என்கிற இணையதளப் பெயர்கள் இருக்கின்றனவே, நாளைக்கு யாருக்காவது தேவைப்படும் என்று தோன்றுவதாகப் பார்த்து என் பெயரில் பதிந்து வைத்துக்கொள்வேன். தேவைப்படுகிறவர் தேடி வந்தால் விற்பேன். பெரும்பாலும் யாரும் தேடி வருவதில்லை. என் தம்பி இதற்கு வைத்திருக்கும் பட்டம், காற்றை மூட்டை கட்டுகிற வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால், நூற்றுப் பதினேழு பெயர்களும் விலை போகாமல் கிடந்த ஒரு நாளில், இனிமேல் ஒரு பெயர்கூட வாங்க மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் நாற்பது வாங்கியிருக்கிறேன்.

அந்த நாற்பதில் ஒன்று 'சாய்மானம்'. ஒரு வாரமாக வக்கீலம்மா அதற்கு மின்னஞ்சலில் பேரம் பேசி, வியாழக்கிழமை விலை படிந்திருந்தது. வாங்குகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை. பெரிய இடம் என்று தெரிந்தால் விற்கிறவள் விலையை ஏற்றிவிடுவாள் என்ற பயம். நியாயமான பயம்தான். நானும் என் பெயரைச் சொல்லவில்லை. 'பேர்க்கடை' என்ற மின்னஞ்சல் முகவரியோடும் ஒரு போன் நம்பரோடும் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"மேடம், திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க கட்சிக்காரர் இந்தப் பேரை வெளியில அறிவிக்கிறாரு. அதுக்குள்ள அவரோட பதிவகத்துக்கு மாத்திடணும். மாத்துறதுக்கான ரகசிய எண்ணை அனுப்பிடுங்க" என்றார் வக்கீலம்மா.

பெயர்களைப் பதிந்து பராமரிக்கிற நிறுவனத்துக்குத்தான் பதிவகம் என்று பெயர். நான் ஒரு பதிவகத்தில் இருக்கிறேன், அவர்கள் வேறொன்றில்.

"அனுப்புறேன் மேடம். ஆனா அது வேலை செய்யாது."

"ஏன்?"

"பூட்டு இருக்கு. புதுசா பதிஞ்ச பேரை அறுபது நாளைக்கு வேற பதிவகத்துக்குக் கொண்டுபோக முடியாது. இன்னிக்கோட பதினெட்டு நாள்தான் ஆகுது. இன்னும் நாப்பத்திரண்டு இருக்கு."

எதிர்முனையில் பேனா மேசையில் விழும் சத்தம் கேட்டது. "இதை விலை பேசும்போதே சொல்ல வேண்டாமா நீங்க?"

சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் விலை இறங்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வியாபாரி என்று பட்டம் கட்டிக்கொண்டால் வியாபாரியின் புத்தியும் கூடவே வந்துவிடுகிறது.

"பதறாதீங்க. வழி இருக்கு" என்றேன். "உங்க கட்சிக்காரர் என் பதிவகத்துலயே ஒரு கணக்கு தொறக்கட்டும். என் கணக்குல இருந்து அவர் கணக்குக்குத் தள்ளிவிட்டுடுறேன். ஒரே வீட்டுக்குள்ள ரூம் மாத்துற மாதிரி. அதுக்குத் தடை இல்ல. பத்து நிமிஷ வேலை. ஒண்ணே ஒண்ணு, சொந்தக்காரர் மாறினா எங்க பதிவகத்துல எல்லாத்தையும் மறுபடி அறுபது நாளைக்குப் பூட்டிடுவாங்க. அதுவரைக்கும் பேரு அங்கயே இருக்கட்டும். வெப்சைட்டு பாட்டுக்கு ஓடும்."

"திங்கட்கிழமை ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்."

அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "எந்தத் தேதி பதிஞ்சீங்கன்னு சொன்னீங்க?"

"நாலாம் தேதி. சாயங்காலம் ஆறேகால்."

"அஞ்சாம் தேதி இல்லையா?"

"நாலுதான். ரசீது இருக்கு."

கொஞ்ச நேரம் இருங்கள் என்றார். அந்தக் கொஞ்ச நேரம் ஆறு நிமிடம் நீண்டது. திரும்பி வந்தபோது குரலில் இருந்த மேடம் காணாமல் போயிருந்தது. "திங்கட்கிழமை எட்டரைக்கு எங்க ஆபீசுக்கு நேர்ல வரணும். அடையாள அட்டையோட. கட்சிக்காரரும் இருப்பார். அவருக்கு உங்களைப் பார்க்கணுமாம்."

பெயர் வாங்குகிறவர்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள். விற்கிறவளை எதற்குப் பார்க்க வேண்டும்? எலும்பு மருத்துவரின் மிச்ச முணுமுணுப்பில் அன்று இரண்டு இடத்தில் இடது முழங்காலை வலது முழங்கால் என்று அடித்துவிட்டுத் திருத்தினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பி வந்தான். கதவைத் திறந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் அவன். முதுகுவலிக்காரர்களுக்கென்றே செய்கிற நாற்காலிகள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் விளம்பரப் பிரிவுக்கு அவனையே தலைவராகப் போட்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டிக்கு எட்டாம் மாதம். குடும்பத்தில் எல்லோரும் நல்ல நேரம் பிறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, என் வேலை போகப்போகுது."

"முதல்ல அந்தச் சட்டியைத் தலையில இருந்து எடு. என்னடா ஆச்சு?"

"எங்க புது நாற்காலிக்கு வைக்கப்போற பேரை எவனோ முன்னாடியே பதிஞ்சு வச்சிருக்கான். கம்பெனி வக்கீலை வச்சு அவன்கிட்ட விலை பேசி முடிச்சாச்சு. நேத்து அவன் என்னமோ அறுபது நாள் பூட்டுன்னு சொல்லியிருக்கான். அப்பதான் தேதியைப் பாத்திருக்காங்க. அவன் பதிஞ்சது நாலாம் தேதி. நான் மீட்டிங்ல அந்தப் பேரைச் சொன்னதே அஞ்சாம் தேதி. நாலாம் தேதி அந்தப் பேரு கம்பெனியில யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான். அப்ப நானே ஆள் வச்சுப் பதிஞ்சு கம்பெனிக்கே விக்கிறேன்னு முதலாளி நினைக்கிறாரு."

திறந்த கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "யாரு பதிஞ்சதுன்னு தெரியலையா?"

"பேரை மறைச்சு வச்சிருக்கான். திங்கட்கிழமை நேர்ல வரச்சொல்லியிருக்காங்க. என்னையும் அங்க வந்து உக்காரச் சொல்லியிருக்காரு முதலாளி. அந்த நாய் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"அந்த நாய் நான்தான்டா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வேர்த்திருந்தது.

நடந்தது இதுதான். நாலாம் தேதி மாலை அவன் எனக்குப் போன் செய்து, "அக்கா, சாஞ்சு உக்காரத் தோதா ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கேட்டான். நான் சாய்மானம் என்றேன், அப்பா படுக்கையில் கேட்கிற வார்த்தை அது என்று அந்தக் கதையையும் சொன்னேன். போனை வைத்ததும் அந்த வார்த்தை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கே தோன்ற, கை பழக்கத்தில் போய்ப் பதிந்துவிட்டது. வாயில் ஒரு பெயர் வந்தால் அது இன்னொருத்தன் காதுக்குப் போகும் முன்னே பதிந்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். தம்பியின் காது என் கணக்கில் இன்னொருத்தன் காது இல்லை. அங்கேதான் தப்புச் செய்தேன்.

"சத்தியம் பண்ணினியே அக்கா! வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே! அதனாலதான் உன் ஞாபகமே எனக்கு வரல."

"நீ மட்டும் யோக்கியமா? ஒரு வாரம் கழிச்சு நான் கேட்டேனா இல்லையா? மீட்டிங்ல என்னடா ஆச்சுன்னு கேட்டேன். வேற பேரு எடுத்துட்டாங்க, உன் பேரு யாருக்கும் பிடிக்கலன்னு சொன்ன. சரி, யாருக்கும் வேண்டாத பேருதானேன்னு விலை வந்ததும் ஒத்துக்கிட்டேன். ஏன்டா பொய் சொன்ன?"

ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் ஊமையாகிவிட்டால் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்தப் பேரு எப்படித் தோணுச்சுன்னு மீட்டிங்ல கேட்டாங்க" என்றான் கடைசியில். "நீ போன்ல சொன்னதைச் சொன்னேன்."

"அப்பா விஷயத்தையா?"

"ம்."

"அக்கா சொன்னான்னு சொன்னியா?"

"எனக்கு நடந்த மாதிரி சொன்னேன்."

அப்பா கடைசிப் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். தண்டுவடத்தில் கோளாறு. நேராகப் படுத்தாலும் வலி, ஒருக்களித்தாலும் வலி. "கொஞ்சம் சாய்மானம் வையேன்" என்பார். தலையணை, சுருட்டிய போர்வை, பழைய சோபாவின் மெத்தை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். சரியான கோணம் அமைந்ததும் அவர் முகம் தளரும். அந்த முகத்துக்காகத்தான் மறுபடி மறுபடி எழுந்திருப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்தும் போய்விட்டார்கள். அப்பாவோடு இருந்தது நான். தம்பி அப்போது எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேலையில் இருந்தான். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை வந்தான்.

அதைத்தான் தனக்கு நடந்ததாக அவன் சொல்ல, கேட்டவர்கள் கண்கலங்கி, அவனுக்குப் பதவி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அறைந்துவிடுவேனோ என்று என் கையைப் பார்த்து எனக்கே பயம். அடுத்த நிமிடமே இன்னொன்றும் தோன்றி ஆத்திரத்தைக் கெடுத்தது. அவன் அப்பாவின் வார்த்தையைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். நான் அதற்கு விலை பேசியிருந்தேன். இதில் யாரை யார் அறைவது?

தேநீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். பால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது தம்பி என் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பதிவகத்தின் பக்கத்தைக் காலையிலேயே திறந்து வைத்திருந்தேன்.

"என்னடா பண்ற?"

"பண்ணியாச்சு அக்கா. சொந்தக்காரர் பேரை மாத்திட்டேன். என்கூடப் படிச்சவன் ஒருத்தன், அவன் பேருக்கு. அவன்கிட்ட போன்ல பேசிட்டேன், அவன் சம்மதம் கொடுத்துட்டான். இப்ப உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். பழைய சொந்தக்காரர் சம்மதிக்கணுமாம். நீ அதுல ஒரு அமுக்கு அமுக்கினா போதும். திங்கட்கிழமை அவன் போய் உக்காந்துக்குவான். நீ வரவே வேணாம்."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன், பாதி சிந்தியது. மெயில் வந்திருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். சம்மதம், மறுப்பு.

"அடப்பாவி. சொந்தக்காரர் மாறினா அன்னிக்கே புதுசா அறுபது நாள் பூட்டு விழும்டா. இந்தப் பதிவகத்துல உள்ளுக்குள்ளகூடத் தள்ள முடியாது. திங்கட்கிழமை உன் ஃப்ரெண்டு போய் உக்காந்து என்ன பண்ணுவான், கொட்டாவி விடுவானா? உங்க கம்பெனி பத்து மணிக்கு அறிவிக்கப்போற பேரு ரெண்டு மாசத்துக்கு எங்கயும் நகராது."

"நகரலன்னா போகட்டும். வேற பேரு வச்சுக்குவாங்க. நீயும் நானும் மாட்ட மாட்டோம்ல?"

"பதிஞ்ச தேதி மாறாது. எத்தனை சொந்தக்காரர் மாறினாலும் நாலு நாலுதான். அந்தச் சந்தேகம் உன்மேலயேதான் நிக்கும். அதோட கடைசி நேரத்துல பேரு வேற கை மாறியிருக்குன்னா என்ன நினைப்பாங்க? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆயிடும்."

"அப்ப நீ வந்து நிக்கப்போற. அக்கா தம்பின்னு தெரிஞ்ச நிமிஷம் என்னை வெளியில அனுப்பிடுவாங்க. எட்டு மாசக்காரியை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என் முழங்கை அருகே கையை வைத்தான். "ஒரு அமுக்கு அக்கா. எனக்காக."

நான் மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறியைச் சம்மதத்தின் மேல் கொண்டுபோய் வைத்ததை மறைக்கமாட்டேன். பெற்றவர்கள் போன பிறகு எனக்கு மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். அவன் கேட்டு நான் இல்லை என்று சொன்ன பழக்கம் இல்லை. ஆனால் விரல் அமுங்கவில்லை. "நாளைக்கு யோசிச்சு சொல்றேன், நீ கிளம்பு" என்றேன். சிந்திய தேநீரைத் துடைக்கக்கூட விடாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மெயில் திறந்தே கிடந்தது. துணி துவைத்தேன், பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் அந்த இரண்டு பொத்தான்களைப் பார்த்தேன். தம்பியிடமிருந்து நான்கு செய்திகள். முதலாவது கெஞ்சல், இரண்டாவது கோபம், மூன்றாவது மன்னிப்பு, நான்காவது ஒரு கேள்விக்குறி மட்டும். மூன்று மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுப்பை அமுக்கினேன். ஓடும் என்று வக்கீலம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். தம்பியைக் காப்பாற்ற என்னிடம் வேறொரு யோசனை இருந்தது. அதற்கு நான் நேரில் போயாக வேண்டும்.

மறுப்பு அமுக்கியதை மட்டும் அவனுக்குச் செய்தியாக அனுப்பினேன். படித்தான் என்று காட்டியது. பதில் வரவில்லை.

வக்கீல் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது, கீழே பல் மருத்துவமனை. திங்கட்கிழமை எட்டரைக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விட்டேன். நீள மேசையின் ஒரு பக்கம் வக்கீலம்மா, பக்கத்தில் மடிக்கணினியோடு கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர். தலைமாட்டில் முதலாளி, அறுபது வயது இருக்கும், சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் தம்பி. என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையைப் பார்க்க ஆரம்பித்தான்.

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

நாற்பத்துமூன்று வயதில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தை மாதிரி எதுவும் வலிக்கவில்லை. மேசைக்கு அடியில் என் புடவைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"பார்த்த ஞாபகம் இல்லை" என்றேன். முதலிலேயே சொன்னேனே, எனக்குப் பொய் நன்றாக வரும்.

வக்கீலம்மா என் அடையாள அட்டையை வாங்கி, ஒப்பந்தத்தில் நிரப்புவதற்காக உரக்க வாசித்தார். என் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர். அப்பாவின் பெயர் அந்த அறையில் ஒலித்ததும் முதலாளி கையை உயர்த்தினார். மேசை மேல் கிடந்த ஒரு சின்ன அட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். புது நாற்காலி ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் கட்டித் தொங்கவிடுகிற அட்டை. மேலே சாய்மானம் என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் பெயர் பிறந்த கதை, அடியில் தம்பியின் கையெழுத்து. கதையின் முதல் வரியிலேயே அப்பாவின் பெயரைப் போட்டிருந்தான். முழுப்பெயரை, இனிஷியலோடு.

"ஒரே பேருல ரெண்டு அப்பாவா?" என்றார் முதலாளி.

கீழே பல் மருத்துவமனையில் துளைக்கிற சத்தம் தரை வழியாகக் கேட்டது. நான் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

"சார், நான் இவனோட அக்கா. இவனுக்கும் இந்த விக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. நாலாம் தேதி வீட்டுல இவன் யார்கிட்டயோ போன்ல இந்தப் பேரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தான். நான் ஒட்டுக்கேட்டேன். இவனுக்குத் தெரியாம போய்ப் பதிஞ்சேன். ஆசைப்பட்டுப் பண்ணிட்டேன். என்மேல என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுங்க. இப்ப நான் அவன் அக்கான்னு தெரிஞ்சா அவமானம்னுதான் அவன் தெரியாதுன்னு சொல்லிட்டான்."

நன்றாகத்தான் வந்தது. குரல்கூடத் தழுதழுத்தது, அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. வக்கீலம்மா எழுதத் தொடங்கினார். திருட்டுத்தனமாகப் பதிந்தவள் என்று ஒரு வாக்குமூலம் தயாராகிக்கொண்டிருந்தது, அதில் நான் கையெழுத்துப் போடப்போகிறேன். முதலாளி என்னைக் கேவலமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தயாராகித்தான் வந்திருந்தேன், ஆனாலும் தலை குனிந்துவிட்டது.

"அவங்க பொய் சொல்றாங்க சார்."

தம்பி எழுந்து நின்றிருந்தான்.

"நான் போன்ல பேசினது அவங்ககிட்டதான். எனக்குப் பேரே தோணல, அக்காகிட்ட கேட்டேன். அவங்கதான் சொன்னாங்க. அவங்க சொன்ன பேரை அவங்க பதிஞ்சாங்க. அது எனக்குத் தெரியாது, நான் கம்பெனியை ஏமாத்தி விக்கல. ஆனா அந்தப் பேரு என்னோடது இல்ல."

"இந்தக் கதை?" முதலாளி அட்டையைத் தட்டினார்.

"கதை நிஜம் சார்." என் பக்கம் திரும்பினான். "பக்கத்துல இருந்தது நான் இல்ல. அக்கா."

முதலாளி அட்டையைக் கவிழ்த்து வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே கால். கம்ப்யூட்டர்காரர் மெதுவாக, "சார், பத்து மணிக்கு..." என்று இழுத்தார்.

"வேலையை முடிங்க" என்றார் முதலாளி.

கம்ப்யூட்டர்காரர் கம்பெனியின் புதுக் கணக்கின் எண்ணைச் சொன்னார். என் கணக்கில் நுழைந்து, பெயரைத் தேர்ந்து, அந்த எண்ணை இட்டு, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துத் தள்ளினேன். இருபக்கமும் சம்மத மெயில் வந்தது, இருவரும் சம்மதத்தை அமுக்கினோம். என் பட்டியலிலிருந்து சாய்மானம் மறைந்து அவர் திரையில் முளைத்தது. பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன், ஏழு நிமிடத்தில் முடிந்தது. இனி அறுபது நாளைக்கு அது எங்கும் போகாது.

முதலாளி தம்பியைக் கூப்பிட்டார். "நீ வித்திருந்தா இந்நேரம் போலீசுக்கு விட்டிருப்பேன். விக்கல. ஆனா என் கண்ணு முன்னாடி அடுத்தவங்க துக்கத்தை உன்னுதுன்னு சொல்லி அழ வச்சிருக்க. விளம்பரப் பிரிவுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். உன் பழைய மேசைக்கே போ. வேலை இருக்கு. அவ்வளவுதான் என்னால முடியும்."

தம்பி தலையாட்டினான். அவன் உயிர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா," என்றார் என் பக்கம் திரும்பி. "இந்தக் கதை எங்களுக்கு வேணும். கையெழுத்தை மட்டும் உங்களுதா மாத்திப் போட்டுடறோம். அதுக்குத் தனியா ஒரு தொகையும் தரோம். சம்மதமா?"

"பேரை வித்துட்டேன் சார். அது உங்களுது. எங்கப்பா வலியை விக்கறதுக்கு வரல. அட்டையை எடுத்துடுங்க."

"ஆயிரத்து இருநூறு நாற்காலியில கட்டியாச்சும்மா. வியாழக்கிழமை வண்டி ஏறுது."

"அவனையே எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கிடங்குக்குப் போனேன். போக வேண்டாம் என்று இரண்டு மணி நேரம் என்னோடு நானே சண்டை போட்டுவிட்டுத்தான் போனேன். தெரியாது சார் என்று சொன்ன வாய் அவனுடையது. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரத்து இருநூறை அவன் தனி ஆளாக வெட்டுவதற்குள் வியாழன் வந்துவிடும், அப்பா வண்டியேறி யார் யார் வீட்டுக்கோ போய்விடுவார். அப்படிப் போக நான் விடமாட்டேன்.

நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நடுவே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அவன் நூலை வெட்டி வெட்டி அட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். என் பையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருவரும் வெட்டிக்கொண்டே இருந்தோம்.

பிறகு அவன் ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டுவதை நிறுத்தினான்.

"அக்கா. ராத்திரியில மூணு தடவை எழுப்புவாருன்னு இதுல எழுதியிருக்கேன். நீ போன்ல எண்ணிக்கை எதுவும் சொல்லல. நானா போட்டேன். நிஜமா எத்தனை தடவை எழுப்புவாரு?"

"ஏழு. சில நாள் எட்டு."

"தினமுமா?"

"தினமும்."

அவன் அட்டையைப் பெட்டியில் போடவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பா இறந்த அன்று அழாத அழுகையை அழுதான். நான் எழுந்துபோய்த் தேற்றவில்லை. அவன் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்து நூலை வெட்டினேன். இன்னும் எழுநூறு இருந்தன.